உஷார்! மயக்கத்தில் வரும் ‘ம்’ சம்மதம் ஆகாது

தமிழில் ‘ம்’ என்று ஒரு முனகல் உண்டு. கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டினால் மேலே சொல் என்று அர்த்தம். அம்மா எழுப்பும்போது பாதித் தூக்கத்தில் ‘ம்’ என்றால் ஒன்றுமே காதில் விழவில்லை என்று அர்த்தம். பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு ‘ம்ம்’ என்றால், ஐயோ வலிக்குது, விடுங்க என்று அர்த்தம். இந்த மூன்று ‘ம்’முக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர், கையில் கயிற்றோடு உங்கள் கட்டிலோரம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேசப்போவது பி.டி.எஸ்.எம். பற்றி. கட்டுவது, அடிப்பது, அடக்குவது, அடங்கிக்கிடப்பது என்று பெரியவர்கள் இருவர் விரும்பிச் செய்துகொள்ளும் அந்தரங்க விளையாட்டு. “பெங்களூர் சிவாஜிநகரில் இதெல்லாமா?” என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் மரியன்னை பேராலயம், இன்னொரு பக்கம் ஜும்மா மசூதி, நடுவில் ரசல் மார்க்கெட்டின் மீன் வாடை, பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிக்கக் கர்சீப் எறியும் கூட்டம். இந்தப் பேட்டையில் யாருக்கு நேரம்? ஆனால் பேட்டை எதுவானாலும் செல்போன் ஒன்றுதான். பி.ஜி. அறையில் இருக்கும் பிள்ளைகளும், கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்களும் ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்கிற வீடியோக்கள் ஒன்றுதான். கயிறும் தோல் வாரும் நாலு தெரு சுற்றினால் நூறு இருநூறுக்குக் கிடைத்துவிடும். எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் எந்தக் கடையிலும் இல்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. சம்மதத்தோடு நடக்கும் இந்த ஆசை நோயல்ல என்று உலக சுகாதார நிறுவனமே முடிவு செய்து, 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. ஆசை உங்களுடையது. என் பயம் வேறொன்றைப் பற்றியது. ‘நாங்கள் சேஃப்வேர்ட் வைத்திருக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்று நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கையைப் பற்றியது.

சேஃப்வேர்ட் என்பது ‘நிறுத்து’ என்பதற்குப் பதிலாக முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் ஒரு சொல். பலரும் டிராஃபிக் சிக்னல் கணக்கு வைத்திருப்பார்கள். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் உடனே நிறுத்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் அடங்கிப்போகிறவருக்கு, கொஞ்ச நேரத்தில் ஒரு நிலை வரக்கூடும். அதை அவர்கள் சப்ஸ்பேஸ் என்பார்கள். வலியும் பயமும் எதிர்பார்ப்பும் சேரும்போது உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது, வலியை மழுங்கடிக்கும் எண்டார்ஃபினையும் சுரக்கிறது. ஆள் மிதக்கத் தொடங்குகிறார். நேரம் தெரியாது. வலி வலியாகத் தெரியாது. கேள்வி கேட்டால் பதில் தாமதமாக வரும், அல்லது வராது. சொன்னதையெல்லாம் செய்யத் தோன்றும். மறுக்க வேண்டும் என்ற நினைப்பே எழாது. ஒரு சொட்டு மது கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது, ஆனாலும் போதைதான்.

இந்த நிலைக்கு வந்தவரிடம் போய், ‘வேண்டாம்னா சிவப்புன்னு சொல்லுவாளே, சொல்லலையே’ என்று காத்திருப்பது எப்படி இருக்கிறது தெரியுமா? தண்ணீரில் மூழ்குகிறவன் போன் பண்ணுவான் என்று கரையில் உட்கார்ந்திருப்பதுபோல. எந்த நேரத்தில் அந்தச் சொல் மிகவும் தேவையோ, அந்த நேரத்தில்தான் அது வாயில் வராது.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. சாமி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காவடி எடுக்கிறவர் கன்னத்தில் வேல் குத்தியிருக்கும், முதுகில் கொக்கி மாட்டியிருக்கும், முகத்தில் வலியின் சுவடே இருக்காது. ஆனால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே வருவார், கவனித்திருக்கிறீர்களா? மாமாவோ மச்சானோ, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழமும் திருநீறுமாக. அவர் ஆடக்கூடாது. அவருக்கும் சாமி வந்துவிட்டால் பிடிக்க ஆளில்லை. எந்த இடத்தில் குத்துவது, எத்தனை, எங்கிருந்து எதுவரை நடப்பது என்பதெல்லாம் விரதம் தொடங்கும்போதே பேசி முடிந்திருக்கும். நடுவழியில் காவடிக்காரர் தலையாட்டினார் என்பதற்காக யாரும் இன்னொரு கொக்கியை மாட்டுவதில்லை. அருள் வந்தவரிடம் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் ஊர் சும்மா விடுமா? விடாது. படுக்கையறையில் மட்டும் அதே மாதிரி வாங்கிய ‘ம்’முக்கு ஏன் மதிப்புக் கொடுக்கிறோம்?

ஆக, பேசுவதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால். உடுப்போடு, வெளிச்சத்தில், முடிந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து. எது உண்டு, எது கிடையாது, எங்கே தொடக்கூடாது, போட்டோ எடுக்கலாமா, என்ன மருந்து சாப்பிடுகிறாய், ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தோளில் பழைய அடி இருக்கிறதா, எல்லாம். நடுவில் பட்டியலிலிருந்து எடுக்கலாம், ஒன்றைக்கூடச் சேர்க்கக்கூடாது. ‘அப்போ அவனே கேட்டான்’ என்பார்கள். அப்போது கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். நிஜமாகவே வேண்டுமென்றால் அடுத்த வாரமும் வேண்டியிருக்கும்.

பேச்சு வராது என்பதால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். கொத்துச்சாவியோ சின்ன ரப்பர் பந்தோ உள்ளங்கையில் இருக்கட்டும், விழுந்தால் நிறுத்தம். அதையும் முழுசாக நம்பிவிடாதீர்கள். சில நிமிஷத்துக்கு ஒருமுறை, ‘என் விரலை ரெண்டு தடவை அழுத்து’ என்று கேளுங்கள். அழுத்தவில்லையா, ஒருமுறை அழுத்திவிட்டு மறந்துவிட்டாரா, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். பதில் வராததையே சிவப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து வரும் போதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, இரண்டு பெக், ‘கூச்சம் போகட்டும்’ என்ற சமாதானம். போவது கூச்சம் மட்டுமில்லை. மது வலியை மழுங்கச்செய்கிறது. கை மரத்துப்போனதைச் சொல்லவேண்டியவருக்கே அது தெரியாமல் போகிறது. கட்டியவருக்கு முடிச்சு அவிழ்க்க விரல் ஓடாது. தூக்க மாத்திரை, அல்ப்ரசோலம் மாதிரி பதற்றத்துக்கான மாத்திரை இவற்றோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். குப்புறக் கட்டிக்கிடப்பவருக்கு அது எமன். விருந்துகளில் புழங்கும் எம்.டி.எம்.ஏ. இதயத்தையும் உடல் சூட்டையும் ஏற்றிவிடும். பாப்பர்ஸ் என்று முகரும் நைட்ரைட்டை வயாக்ரா வகை மாத்திரையோடு சேர்த்தால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி உயிரே போகலாம். குடித்த நாளில் சினிமா பாருங்கள். பிரியாணி சாப்பிடுங்கள். கயிற்றை மட்டும் எடுக்காதீர்கள்.

இதுவரை கீழே கிடப்பவரின் மயக்கத்தைப் பற்றியே பேசினேன். மேலே நிற்பவருக்கும் மயக்கம் வரும். அதிகாரத்தின் சூடு அது. அதைப் பற்றி முதலில் எச்சரித்தவர் வெளிநாட்டு மனோதத்துவ நிபுணர் யாருமில்லை. காமசூத்திரத்தில் அடிப்பதற்கென்றே ஒரு பகுதி எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்பு, கத்தரி, ஊசி, இடுக்கி என்று பெயரிட்ட கொடூரமான அடிகளைத் தென்னாட்டார் வழக்கம் என்று குறிப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் காட்டும் சாட்சிகளைப் பாருங்கள். சோழ அரசன் ஒருவன் ஆப்பு அடியால் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றுவிட்டான். குந்தள நாட்டுச் சாதகர்ணி சாதவாகனன் கத்தரி அடியால் பட்டத்தரசி மலயவதியைக் கொன்றான். கை ஊனமான நரதேவன் என்பவன் குறிதவறிய அடியால் ஓர் ஆட்டக்காரியின் கண்ணைப் போக்கினான். அவன் பாண்டியனின் சேனாபதி என்று உரைகாரர் யசோதரர் சொல்கிறார். குந்தளம் என்பது இன்றைய வட கர்நாடகப் பக்கம். தமிழனும் கன்னடிகனும் காவிரித் தண்ணீரில் மட்டுமில்லை, இந்தப் பட்டியலிலும் பங்காளிகள்! வேகமெடுத்த குதிரைக்குக் குழியும் கம்பமும் தெரியாததுபோல, அந்த நேரத்துக் காதலர்களுக்கும் ஆபத்து தெரியாது என்பது அவர் கருத்து. அந்த மூன்று பேரும் கொல்லவோ குருடாக்கவோ நினைத்ததாக அவர் சொல்லவில்லை. செத்த பெண்கள் இரண்டு பேர், கண் போனவள் ஒருத்தி.

இப்போது சட்டம். பலருக்கு இங்கேதான் வயிற்றைக் கலக்கப்போகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, 18 வயது தாண்டியவர் சம்மதித்து ஏற்கும் சிறு காயத்தைக் குற்றமாக்குவதில்லை. வாள்பயிற்சியில் படும் அடி என்பதுதான் சட்டமே தரும் உதாரணம். ஆனால் சாவுக்கோ கொடுங்காயத்துக்கோ இட்டுச்செல்லும் என்று தெரிந்து செய்தால் அந்தக் குடை மடங்கிவிடும். கொடுங்காயம் எது என்று 116ஆம் பிரிவு அடுக்குகிறது: எலும்பு முறிவு, ஒரு கண்ணின் பார்வை போவது, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் காயம், 15 நாள் கடும் வலியில் தவிக்கவைப்பது. நரதேவன் இன்று சிவாஜிநகரில் இருந்தால், அவள் சம்மதித்தாள் என்று மட்டும் சொல்லித் தப்புவது கடினம்.

28ஆம் பிரிவு இன்னும் நேரடி. பயத்திலோ தவறான எண்ணத்திலோ கொடுத்தது சம்மதமல்ல; போதையால் தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று புரியாதவர் கொடுத்ததும் சம்மதமல்ல. வன்புணர்ச்சியை வரையறுக்கும் 63ஆம் பிரிவு இதையே இன்னும் இறுக்குகிறது. போதையில் விளைவு புரியாத பெண்ணின் சம்மதம் செல்லாது என்கிறது ஒரு கூறு. சம்மதத்தைத் தெரிவிக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் செய்தாலும் அதே குற்றம் என்கிறது இன்னொன்று. வாயில் துணி, கைகள் பின்னால், ஆள் மிதந்துகொண்டிருக்கிறார் என்றால் அந்தக் கூறை ஒருமுறை நிதானமாகப் படித்துப்பாருங்கள். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒன்றையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரியாமல் எதையாவது குடிக்கவைத்தால் 123ஆம் பிரிவின்கீழ் பத்து வருஷம் வரை சிறை. அவிழ் என்று சொன்ன பிறகும் அவிழ்க்காமல் வைத்திருந்தால் முறையற்ற அடைப்பு என்று இன்னொரு வழக்கு.

‘முன்னாடியே சம்மதம் வாங்கிட்டேனே’ என்ற வாதம் கனடா உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கழுத்தை நெரித்து மயக்கமடையச் செய்ய முன்பே சம்மதித்த ஒரு பெண், மயக்கத்தில் இருந்தபோது அவள் துணைவன் செய்த காரியம் பற்றிய வழக்கு. 2011 மே மாதம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு கணமும் விழிப்போடு இருக்கும் மனசுதான் சம்மதம் கொடுக்கமுடியும். நினைவில்லாதவர் சார்பில் அவருடைய பழைய ‘சரி’ பேசாது. இங்கிலாந்தில் 1993இலேயே பிரபுக்கள் சபை, தங்களுக்குள் விரும்பிக் காயப்படுத்திக்கொண்ட ஆண்கள் சிலரின் வழக்கில் சம்மதத்தை ஏற்க மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு அளவு மீறியது என்பது என் எண்ணம். யாரும் புகாரே கொடுக்காத விவகாரம் அது. கனடா தீர்ப்பு அப்படியில்லை, சரியான இடத்தில் கை வைத்தது.

சட்டப் புத்தகம் இப்படித் தெளிவாக இருந்தாலும் கோர்ட் வாசலில் என்ன நடக்கும் என்பது வேறு கதை. சிவாஜிநகரிலிருந்து அதிக தூரமில்லை, கப்பன் பார்க் ஓரத்துச் செங்கல் நிற அட்டாரா கச்சேரி. அங்கே 2020 ஜூன் 22 அன்று, ஒரு பாலியல் வழக்கில் முன்ஜாமீன் கொடுத்த கர்நாடக உயர் நீதிமன்ற உத்தரவில், சம்பவத்துக்குப் பிறகு களைத்துத் தூங்கிவிட்டேன் என்று புகார்தாரர் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு அழகில்லை என்று ஒரு வரி இருந்தது. சேர்ந்து மது குடித்ததையும் அந்த உத்தரவு சுட்டிக்காட்டியது. நாடே கொதித்த பிறகு அந்த வரி நீக்கப்பட்டது. அதிர்ச்சிக்குப் பிறகு உடம்பு தூங்கும், மரத்துப்போகும், சிலசமயம் சிரிக்கக்கூடச் செய்யும் என்பது இன்னும் எல்லா நாற்காலிகளுக்கும் எட்டவில்லை. தன்னை அடிமைபோல் நடத்தினான் என்று மனைவி கொடுத்த வழக்கில், 2022 மார்ச் 23 அன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி எம். நாகபிரசன்னா, கணவன் என்பதற்காக வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டை ரத்துசெய்ய மறுத்தார். பிறகு உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை போட்டது. 18 வயதைத் தாண்டிய மனைவியைப் பொறுத்தவரை கணவனுக்கு 63ஆம் பிரிவு கொடுக்கும் விலக்கு புதிய சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆண்களே, உங்களுக்கும் ஒரு செய்தி. பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு போனதோடு, வயதுவந்த ஆண்மேல் நடக்கும் வன்புணர்ச்சிக்கென்று புதிய சட்டத்தில் தனிப் பிரிவே இல்லாமல் போய்விட்டது. அடி, அடைப்பு என்றுதான் வழக்குப் போடவேண்டும். சட்டம் பிறகு வந்து காப்பாற்றும் என்று நம்பி யாரும் கையை நீட்டிக் கட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கழுத்து. இதை மட்டும் கத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கழுத்தை நெரிப்பதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. வீடியோவில் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். பத்து விநாடி சுமாருக்கு ரத்தம் நின்றாலே ஆள் நினைவிழப்பார், சில நிமிஷம் நீடித்தால் உயிர் போகும். நினைவு தப்புமுன் வரும் அந்தத் தலை லேசாகும் உணர்வைச் சுகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூளைக்கு ரத்தம் போகவில்லை என்பதன் அடையாளம் அது. வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்து, நாலு நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. சேஃப்வேர்ட் எதற்கும் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது; குரல்வளையை அடைத்துவிட்டு வாயால் சொல் என்றால் எப்படி? இங்கிலாந்தில் 2021இல் கழுத்து நெரிப்பைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கயிற்றில் சாவு குறைவு, ஊனம் அதிகம். மேல்கையின் வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே அழுத்தம் விழுந்தால் மணிக்கட்டு தொங்கிப்போகும். வாரக்கணக்கில் காபி டம்ளரைக்கூடத் தூக்கமுடியாது. மிதப்பில் இருப்பவருக்குக் கை மரத்ததும் மிதப்பின் ஒரு பகுதியாகவே தெரியும், சொல்லமாட்டார். நீங்கள்தான் விரலை நீட்டச்சொல்லிப் பார்க்கவேண்டும். சர்ஜிக்கல் கடையில் முனை மழுங்கிய பேண்டேஜ் கத்தரி கிடைக்கும். அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அழகான கயிறாயிற்றே என்று பார்க்காமல் வெட்டுங்கள். கட்டிப்போட்டவரை விட்டுவிட்டுச் சிகரெட் வாங்கப் போகாதீர்கள். சிரிக்காதீர்கள், போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்த பிறகும் முடிவதில்லை. எண்டார்ஃபின் இறங்கும்போது மனசும் இறங்கும். அன்றே, அல்லது ஓரிரண்டு நாள் கழித்து, காரணமே இல்லாமல் அழுகை, வெட்கம், நடுக்கம். சப்-டிராப் என்பார்கள். திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து இதை அனுபவிப்பவர், ‘நமக்குத்தான் பைத்தியம்’ என்று நினைத்துக்கொள்வார். போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது, பக்கத்தில் ஒரு ஆள், மறுநாள் ஒரு போன், இவை இந்த விளையாட்டின் பாதி. காரியம் முடிந்ததும் ஓலா புக் பண்ணிக்கொண்டு கிளம்புகிற ஆளிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். அந்த இறக்கத்தில் இருக்கும்போது, ‘நேத்து நல்லாத்தானே இருந்தது, ஒத்துக்கோ’ என்று மெசேஜ் அனுப்பி எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை.

ஏதாவது ஆகிவிட்டதா? 112க்குப் போன் போடுங்கள். பெண்களுக்கு 181ம் 1091ம் இருக்கின்றன. பக்கத்திலேயே பௌரிங் ஆஸ்பத்திரி, ராத்திரியிலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். வன்புணர்ச்சிக்கு ஆளானவருக்கு அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் கொடுத்தாகவேண்டும் என்பது சட்டம், முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று திருப்பி அனுப்பக்கூடாது. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் பக்கத்து ஸ்டேஷனில் புகாரை வாங்கியாகவேண்டும். குளிக்கவேண்டாம், துணியைத் துவைக்கவேண்டாம். எதையோ குடிக்கவைத்தார்கள் என்ற சந்தேகம் இருந்தால் சிறுநீர் மாதிரியைச் சீக்கிரம் எடுக்கச்சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் அரை நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும்.

டியூட்டி டாக்டர் இளைஞராக இருப்பார், வெளியே பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கழுத்தை அழுத்தினார்கள், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, இடையில் நினைவு போனது, இன்னது குடித்தேன் என்று நாலு துண்டாகச் சொன்னால் போதும். குரல் கரகரக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.